பழைய வண்டியில் விளக்கு மங்கலா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பழைய வண்டியில் ஹெட்லைட் மங்கிப்போனால் எல்லோரும் முதலில் கை வைப்பது பல்ப்பில்தான். புது பல்ப் மாட்டியதும் கொஞ்சம் பரவாயில்லை போலத் தெரியும். இருட்டில் நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் பழைய நிலைமைதான். அடுத்து இன்னும் பெரிய வாட் பல்ப் வாங்கத் தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள் என்கிறேன். நான் இதுவரை பிரித்துப் பார்த்த மங்கல் விளக்குகளில் பல்ப் ஒன்றே காரணமாக இருந்தவை மிகக் குறைவு. பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்சாரம் வழியில் எங்கோ தேய்ந்துபோகிறது. இல்லையென்றால் பல்ப் நன்றாக எரிந்தும் வெளிச்சம் சாலைக்கு வந்து சேரவில்லை. இரண்டில் எது என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் நிறத்தைப் பாருங்கள்

இதற்கு மீட்டர்கூட வேண்டாம், கண் போதும். இருட்டிய பிறகு வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போடுங்கள். சுவரில் விழும் வெளிச்சம் சிமினி விளக்கு மாதிரி செம்மஞ்சளாக இருந்தால் பல்ப்புக்கு வோல்டேஜ் போதவில்லை. இழையின் சூடு குறையக் குறைய நிறம் சிவப்புப் பக்கம் சாயும். வெளிச்சம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஆனால் விளிம்பு தெரியாமல் பரந்து, பனிமூட்டத்துக்குள் எரிவது போல விழுகிறது என்றால் மின்சாரத்தில் குறையில்லை. முன்னால் உள்ள லென்ஸும், பல்ப்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டரும்தான் சந்தேகத்துக்குரியவை. பழைய வண்டிகளில் இரண்டு கோளாறும் சேர்ந்தே இருப்பது சகஜம். அப்போது மின்சாரத்தை முதலில் சரிசெய்யுங்கள். லென்ஸைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, உள்ளே மங்கலாக எரியும் பல்ப்பைப் பார்ப்பதில் பயனில்லை.

ஒரு வோல்ட் போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நிறையவே ஆகும். இழை உள்ள பல்ப்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறையும் அதே அளவில் குறைவதில்லை, ஏறத்தாழ வோல்டேஜின் 3.4 அடுக்குக்கு (பவர்) ஏற்பச் சரிகிறது. பழைய கார்களில் பரவலாக உள்ள எச்4 பல்ப்பின் வெளிச்ச அளவு 13.2 வோல்ட்டில் கணக்கிடப்படுகிறது. அதை 100 என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் கிடைப்பது சுமார் 72. 11 வோல்ட்டுக்கு இறங்கினால் 54. 10.5 வோல்ட்டில் பாதிக்கும் கீழே போய்விடும். வயரிங்கில் இரண்டு வோல்ட் தொலைந்தாலே ஏறக்குறைய ஒரு ஹெட்லைட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம்.

எரியும்போது அளக்க வேண்டும்

பெரும்பாலானோர் தவறும் இடம் இது. பல்ப் ஹோல்டரைக் கழற்றி, வெறும் ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். “கரன்ட் முழுசா வருது, பல்ப்தான் போச்சு” என்று முடிவுகட்டிவிடுவோம். அந்த அளவை நம்பக்கூடாது. மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். நாற்பது இழைகளில் முப்பத்தொன்பது அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயர்கூட மீட்டருக்கு முழு வோல்டேஜைக் கொடுத்துவிடும். பல்ப் 5 ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் லட்சணம் வெளியே வரும்.

மீட்டரை ஓம்ஸில் வைத்துத் தடையை அளந்து பார்ப்பதும் இங்கே உதவாது. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும் பாதையில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். நாம் தேடும் தடை அதற்குள் மறைந்துவிடுகிறது.

சரியான முறை, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, தொலைந்த வோல்டேஜை நேரடியாக அளப்பது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். இன்ஜின் ஓடட்டும், லைட் எரியட்டும், ஹோல்டர் பல்ப்பிலேயே மாட்டியிருக்கட்டும். சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்தில் வையுங்கள். கறுப்பு முனையை, ஹோல்டரின் பின்பக்கமாக நுழைத்து, எரியும் இழைக்குப் போகும் காலில் தொடுங்கள். மீட்டரில் வரும் எண்தான் பாசிட்டிவ் பாதையில் தொலைந்தது. அடுத்து கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பை ஹோல்டரின் எர்த் காலில் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்) தொடுங்கள். அது எர்த் பாதையில் தொலைந்தது.

பாசிட்டிவ் பக்கம் 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் பழைய வண்டிக்கு நல்ல நிலைமை. 1 வோல்ட்டைத் தாண்டினால் கட்டாயம் தேட வேண்டும். எர்த் பக்கம் 0.1, மிஞ்சிப்போனால் 0.2 வோல்ட். அதற்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாடியோடு சேர்வது பாசிட்டிவ். மீட்டரை வைக்கும் முன் பேட்டரியின் எந்தக் கம்பம் பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். இன்னொன்று, பல ஜப்பானிய வண்டிகளில் பல்ப்புக்குப் பாசிட்டிவ் நேராக வந்துவிடும். ஸ்விட்ச் இருப்பது எர்த் பக்கத்தில். அங்கே பொதுவான காலில் பாசிட்டிவ் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அளக்கும் முறை அதேதான், பக்கம் மட்டும் மாறுகிறது.

அறிகுறி: எல்லா விளக்கும் மங்கல், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் தெளிகிறது

முன், பின், டேஷ்போர்டு எல்லாமே சேர்ந்து மங்கினால் தனித்தனி வயரைத் தேட வேண்டியதில்லை. பேட்டரிக் கம்பங்களில் மீட்டரை வையுங்கள். இன்ஜின் நின்று சில மணி நேரம் ஆன பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது, சற்று வேகம் கொடுத்த நிலையில், 13.8 முதல் 14.5 வரை. ஹெட்லைட் போட்டபிறகும் 13.2-க்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் சார்ஜிங்கில்தான் கோளாறு.

முதலில் பெல்ட். தளர்ந்த பெல்ட், அல்லது விளிம்பு கண்ணாடி போல மினுங்கும் பெல்ட், லைட் போட்டதும் வழுக்கத் தொடங்கும். சில நேரம் கீச்சென்று சத்தமும் வரும். பெல்ட் சரியென்றால், அது சுற்றிவிடும் ஆல்டர்னேட்டரின் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், டயோடு ஒன்று போயிருக்கலாம். டயோடு போனால் வோல்டேஜ் ஓரளவு வந்தாலும் விளக்கில் லேசான துடிப்பு தெரியும்.

ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ வைத்த இன்னும் பழைய வண்டி என்றால் ஐட்லிங்கில் விளக்கு மஞ்சளாவது அதன் இயல்பு. டைனமோ மெதுவாகச் சுற்றும்போது போதிய மின்சாரம் தராது. வேகம் கூடியதும் தெளிந்துவிட்டால் அதைப் பிழையென்று பிரித்துப் போட வேண்டாம்.

சார்ஜிங் சரி, ஆனாலும் எல்லாம் மங்கல் என்றால் கனமான கேபிள்களுக்கு வாருங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும் போகும் எர்த் கேபிள்களை யாரும் வருடக்கணக்கில் தொடுவதில்லை. இன்ஜின் எர்த் கெட்டுப்போனதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. ஸ்டார்ட் செய்த உடனே ஆக்சிலரேட்டர் கேபிளையோ சோக் கேபிளையோ தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்சாரம் வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்புகிறது என்று பொருள். உடனே கவனிக்க வேண்டிய விஷயம் இது, கேபிள் உறை உருகிவிடும்.

அறிகுறி: ஹெட்லைட் இரண்டும் மங்கல், மற்றவை நன்றாக

பழைய கார்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. புது வண்டிகளில் ஸ்விட்ச் ஒரு ரிலேவைத்தான் (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவி) இயக்கும். பல பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் பேட்டரியில் கிளம்பி, டேஷ்போர்டுக்கு வந்து, லைட் ஸ்விட்சுக்குள் புகுந்து, டிம்-பிரைட் ஸ்விட்சைச் சுற்றி, ஃபியூஸ் பெட்டியைத் தாண்டி, மறுபடி முன்பக்கம் போகிறது. நீளமான மெல்லிய வயர், வழியில் பத்துப் பன்னிரண்டு இணைப்புகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் களிம்பு.

இங்கே ஒரே குற்றவாளியைத் தேடாதீர்கள். ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம்: பேட்டரியில் 13.9 வோல்ட், பல்ப்பில் 11.2. தொலைந்த 2.7 வோல்ட்டில் லைட் ஸ்விட்ச் 1.1, டிம்-பிரைட் ஸ்விட்ச் 0.6, ஃபியூஸ் 0.4, எர்த் 0.6. எதுவும் தனியாக வண்டியை நிறுத்தாது. எல்லாம் சேர்ந்துதான் சாலையை இருட்டாக்குகின்றன. அதனால் சிவப்பு முனையைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, கறுப்பு முனையை பல்ப்பிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் எண் சட்டென்று குறைகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய எண்ணிலிருந்து தொடங்கிச் சரிசெய்யுங்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்குக் கை இருக்கிறது. 10 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் இணைப்பு 1 வோல்ட்டைத் தின்றால் அந்த இடத்தில் 10 வாட் சூடு உண்டாகிறது. வெளிச்சமாகப் போயிருக்க வேண்டியது அங்கே சூடாக நிற்கிறது. கால் மணி நேரம் லைட் எரிந்தபிறகு ஸ்விட்சின் பின்பக்கம், வயர்களை இணைக்கும் கப்ளர்கள், ஃபியூஸ் முனைகள் எல்லாவற்றையும் மெல்லத் தொட்டுக்கொண்டே வாருங்கள். எது வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடுகிறதோ அங்கே கோளாறு. பிளாஸ்டிக் பழுப்பேறி, வயரின் உறை கெட்டியாகி நொறுங்கினால் வெகுநாளாகச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

இருபுறமும் கூம்பு முனை உள்ள பீங்கான் ஃபியூஸ்கள் இருக்கும் வண்டியா? அவற்றைப் பிடிக்கும் பித்தளைத் தகடுகள் தளர்ந்து, முனையில் சாம்பல் படலம் படிந்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஃபியூஸை அதே இடத்தில் நாலு சுற்றுச் சுற்றுங்கள். அதிலேயே வித்தியாசம் தெரிந்தால் ஃபியூஸை மாற்றி, தகடுகளை உப்புத்தாளால் தேய்த்து, லேசாக உள்பக்கம் வளைத்து இறுக்கமாக்குங்கள்.

ஸ்விட்சைப் பிரிக்க முடிந்தால் உள்ளே செம்புத் தொடுமுனைகளில் கரி படிந்திருப்பதைக் காணலாம். தேய்த்துச் சுத்தம் செய்தால் தெளிவு வரும். ஆனால் குழி விழுந்த முனை சில மாதங்களில் மறுபடி கருகும். நிரந்தரத் தீர்வு ரிலே.

ரிலே போடும் முறை

யோசனை எளியது. ஹெட்லைட்டுக்கு இதுவரை வந்துகொண்டிருந்த வயரை இனி பல்ப்பை எரிக்க விடாமல், ரிலேவைத் தட்டியெழுப்ப மட்டும் பயன்படுத்துகிறோம். பல்ப்புக்கு வேண்டிய மின்சாரம் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில், கனமான வயரில் வருகிறது.

சாதாரண நான்கு கால் ரிலேவில் கால்களின் எண்கள் 30, 85, 86, 87 என்று அச்சடித்திருக்கும். 30-க்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர்; அதில் பேட்டரிக்கு மிக அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். 87-லிருந்து பல்ப்புக்கு அதே கனத்தில் வயர். 86-க்குப் பழைய ஹெட்லைட் வயர். 85 எர்த்துக்கு. லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே, தனித்தனி ஃபியூஸ். ஒரே ஃபியூஸில் இரண்டையும் கட்டினால், அது போகும் இரவில் இரண்டு பீமும் ஒன்றாகப் போகும். பல்ப்பின் எர்த் காலுக்கும் அதே கனமான வயரைப் புதிதாகப் போடுங்கள். பாசிட்டிவை மட்டும் கனமாக்கிவிட்டுப் பழைய எர்த்தை விட்டால் பாதி பலன்தான் கிடைக்கும்.

எர்த் பக்கம் ஸ்விட்ச் உள்ள வண்டிகளில் இந்த இணைப்பு அப்படியே பொருந்தாது. அங்கே ரிலேவின் சுருளுக்கு ஒரு முனையில் நிரந்தரப் பாசிட்டிவும் மறுமுனையில் ஸ்விட்ச் வயரும் வரும். வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். வேலையைத் தொடங்கும் முன் பாடியோடு சேரும் பேட்டரி கேபிளைக் கழற்றி வைப்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் மங்கல்

பொதுப் பாதை நன்றாக இருக்கிறது. கோளாறு அந்தப் பக்கத்துக் கடைசி இரண்டடியில். முதலில் இரண்டு பல்ப்பையும் இடம் மாற்றிப் போடுங்கள். மங்கல் பல்ப்போடு மறுபக்கம் போனால் பல்ப்தான். கண்ணாடிக்குள் கறுப்போ சாம்பலோ படர்ந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. பல்ப்பின் அடியில் எழுதியிருப்பதையும் படியுங்கள். லாரிக்கான 24 வோல்ட் பல்ப் தவறுதலாக 12 வோல்ட் வண்டியில் ஏறியிருப்பது நடக்கிறது. எரியும், ஆனால் செக்கச்செவேலென்று. ஹாலஜன் பல்ப்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் படிந்த இடத்தில் சூடு ஏறுமாறாகி ஆயுள் குறையும்.

மங்கல் அதே பக்கத்தில் தங்கினால் ஹோல்டரையும் எர்த்தையும் பாருங்கள். ஹோல்டரின் கால் ஒன்று கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. பீங்கான் ஹோல்டர் வாங்கி, நல்ல செம்பு தெரியும்வரை வயரைச் சீவி இணையுங்கள். உறைக்குள்ளேயே செம்பு கறுத்திருப்பது பழைய வயர்களில் உண்டு. இரண்டு அங்குலம் வெட்டியும் கறுப்பாகவே வந்தால் அந்த வயரையே மாற்றுவதுதான் நல்லது.

எர்த்தைச் சோதிக்க ஒரு நீளமான வயர் போதும். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் பிடித்து, மறுமுனையால் மங்கலான விளக்கின் எர்த் காலைத் தொடுங்கள். சட்டென்று வெளிச்சம் எழுந்தால் விடை கிடைத்துவிட்டது.

எங்கள் வீட்டு வண்டியில் இடதுபக்க ஹெட்லைட் ஒன்றரை வருடம் மங்கலாகவே எரிந்தது. இரண்டு முறை பல்ப், ஒரு முறை ஹோல்டர், கடைசியில் முழு ஹெட்லைட்டையும் மாற்றினோம். மழைக்காலத்தில் அதை நம்பி ஓட்டியதை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. கடைசியில் இந்த ஒற்றை வயர் சோதனைதான் காட்டிக்கொடுத்தது. முன்பக்கம் பெயின்ட் அடித்த பட்டறையில் எர்த் போல்ட்டின் அடியிலும் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே லக்கை (வயர் முனையில் உள்ள உலோக வளையம்) வைத்து முறுக்கியிருந்தார்கள். பெயின்ட் வழியே மின்சாரம் எப்படிப் போகும்? போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கசிந்ததில்தான் அத்தனை நாளும் எரிந்திருக்கிறது.

எர்த்தைப் புதுப்பிக்கும்போது துரு, பெயின்ட் எல்லாம் போய் உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டுங்கள். லக்கின் இரு பக்கமும் தேயுங்கள். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கியபிறகு மேலே வாசலின் தடவுங்கள். தண்ணீர் உள்ளே போகாது.

அறிகுறி: பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மினுங்குகிறது, டெயில் லைட் மங்குகிறது

பின்பக்க விளக்குகள் இப்படி விசித்திரமாக நடந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு எர்த்தான். ஒரு பக்கத்துப் பின்விளக்குக் கூட்டில் டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றுக்கும் ஒரே எர்த். அது அறுந்தால் மின்சாரம் திரும்பிப் போக வேறு வழி தேடும். பிரேக் இழை வழியாக வந்தது, பக்கத்திலுள்ள இண்டிகேட்டர் இழைக்குள் பின்பக்கமாகப் புகுந்து, வேறெங்கோ எரியும் விளக்கு வழியாக எர்த்தைச் சேரும். அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று மினுங்குகிறது. பல்ப்பை மாற்றினாலும் இது போகாது. பேட்டரி நெகட்டிவ் வயரை அந்தக் கூட்டின் எர்த்தில் தொடுங்கள்; எல்லாம் ஒழுங்குக்கு வரும்.

எர்த் நன்றாக இருந்தும் இந்தக் குழப்பம் தொடர்ந்தால் பல்ப்பைப் பாருங்கள். டெயிலும் பிரேக்கும் சேர்ந்த பல்ப்பில் 5 வாட், 21 வாட் என இரண்டு இழைகள். அதன் இரு பக்கக் குமிழ்கள் வெவ்வேறு உயரத்தில் இருப்பது, தலைகீழாக மாட்டக்கூடாது என்பதற்காகத்தான். தேய்ந்த ஹோல்டரில் அழுத்தித் திருப்பினால் அது தவறாகவும் உட்கார்ந்துவிடும். அப்போது டெயில் லைட் பளிச்சென்றும் பிரேக் போட்டால் வித்தியாசமே தெரியாமலும் இருக்கும். ஒற்றை இழை பல்ப்பை இந்த ஹோல்டரில் திணித்திருந்தால் இரண்டு சுற்றுகளும் ஒட்டிக்கொண்டு, பிரேக் மிதிக்கும்போது டேஷ்போர்டு விளக்குகூட எரியும்.

டிக்கியைத் திறந்து மூடும்போது நம்பர் பிளேட் விளக்கோ பின்விளக்கோ மங்கி மங்கி வந்தால், கீல் அருகே வயர்க்கட்டு வளையும் இடத்தில் வயர் உள்ளே அறுந்திருக்கும். உறை முழுசாகத் தெரியும். இழுத்துப் பார்த்தால் நீளும்.

அறிகுறி: வோல்டேஜ் சரி, வெளிச்சம் மட்டும் இல்லை

பிளாஸ்டிக் லென்ஸ் உள்ள வண்டியில் மேலே பூசியிருக்கும் பாதுகாப்புப் படலம் வெயிலில் சிதைந்து, லென்ஸ் மஞ்சளாகும். இதைத் தேய்த்து எடுக்கலாம். சுற்றிலும் பெயின்ட் மேல் டேப் ஒட்டிவிட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே 800-ஆம் எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி, 1000, 2000, 3000 என்று போங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போய்விட்டதா என்று தெரியும். கடைசியில் பாலிஷ். இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், சில மாதங்களில் முன்னைவிட மோசமாக மஞ்சளாகிறது. பழைய படலத்தை நீங்களே தேய்த்து எடுத்துவிட்டீர்கள். அதற்குப் பதிலாகப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தே ஆக வேண்டும். மங்கல் லென்ஸின் உள்பக்கம் இருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

கண்ணாடி லென்ஸ் மஞ்சளாகாது. ஆனால் வருடக்கணக்கில் மணலும் சிறுகல்லும் அடித்துப் பொடிப்பொடிக் குழிகள் விழுந்திருக்கும். விரல் நகத்தால் தடவினால் சொரசொரப்பு தெரியும். அதற்கு மாற்றுவதுதான் வழி.

ரிஃப்ளெக்டர்தான் மிகவும் மென்மையான பொருள். மேலே உள்ள அலுமினியப் பூச்சு நுண்ணிய படலம். தூசி இருந்தால் காற்று ஊதி எடுக்கலாம். துணியால் அழுத்தித் துடைத்தால் பூச்சே கையோடு வந்துவிடும். ஈரம் புகுந்து சாம்பல் நிறமாக, இழையின் பிம்பம் தெரியாத அளவுக்கு மங்கியிருந்தால் அதைக் காப்பாற்ற முடியாது. லென்ஸும் ரிஃப்ளெக்டரும் இழையும் ஒரே கூடாக மூடிய சீல்டு பீம் வகை என்றால் முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

பைக், ஸ்கூட்டர், அப்புறம் 6 வோல்ட் வண்டிகள்

பழைய இருசக்கர வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் தொடர்பே கிடையாது. மேக்னெட்டோவில் உள்ள லைட்டிங் காயிலிலிருந்து ஏசி மின்சாரம் நேராக விளக்குக்குப் போகும். ஐட்லிங்கில் மங்குவதும் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் தெளிவதும் அங்கே இயல்பு. வேகத்திலும் மங்கலாகவே இருந்தால் காயில், ரெகுலேட்டர், எர்த் என்ற வரிசையில் பாருங்கள். மீட்டரை ஏசியில் வைத்து அளக்க வேண்டும், டிசியில் வைத்தால் ஒன்றும் காட்டாது. ரெகுலேட்டர் கெட்டு வோல்டேஜ் ஏறினால் எதிர்மாறாக, பல்ப் அடிக்கடி ஃபியூஸ் ஆகும்.

6 வோல்ட் வண்டியில் அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடுகிறது. அரை வோல்ட் தொலைந்தாலே வோல்டேஜில் எட்டு சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. 12 வோல்ட் வண்டிக்குப் போதுமான வயர் இங்கே போதாது. எர்த்துகளை எவ்வளவு சுத்தமாக வைக்கிறோமோ அவ்வளவு வெளிச்சம்.

பெரிய வாட், எல்இடி

60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்) இடத்தில் 100/90 வாட் பல்ப்பை மாட்டினால் ஏற்கெனவே திணறும் வயரிங்கில் ஆம்பியர் இன்னும் கூடும், தொலையும் வோல்டேஜும் கூடும். ஸ்விட்ச் கருகும், ஹோல்டர் உருகும். இப்படி எரிந்துபோன வயர்க்கட்டுகளைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். ஹாலஜனுக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்ப்பைச் செருகுவதும் எனக்குச் சம்மதமில்லை. இழை இருக்க வேண்டிய புள்ளியில் வெளிச்சம் பிறக்காததால் பீம் சிதறி, எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பல நாடுகளில் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை.

சரிசெய்தபிறகு உயரத்தைப் பாருங்கள்

மங்கலாக இருந்தவரை ஹெட்லைட் மேலே பார்த்துக்கொண்டிருந்தது யாருக்கும் உறுத்தியிருக்காது. இப்போது முழு வெளிச்சம் வந்துவிட்டது, உறுத்தும். சமதளத்தில், டயர்களில் சரியான காற்றோடு, வழக்கமாக ஏற்றும் சுமையோடு, வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹெட்லைட் மையத்தின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து சுவரில் ஒரு கோடு போடுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இது பொதுவான அளவு. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். ஒரு ஹெட்லைட்டை மூடிக்கொண்டு மற்றதை ஸ்க்ரூவில் திருப்பி வையுங்கள், பிறகு அடுத்தது. திருகியும் பீம் நகரவில்லை என்றால், உள்ளே ரிஃப்ளெக்டரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்திருக்கும். அதைக் கழற்றி மாற்றியபிறகே உயரம் நிலைக்கும்.